எட்டணா மாட்டுக்கு எந்த ஊசி?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



போன சித்திரையில் தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணைக்குப் போயிருந்தேன். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர் அது. ஏரிக்கரை வரைக்கும் வீடுகள் வந்துவிட்டன. மேய்ச்சலுக்கு இடம் கிடையாது. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் ஷீட் கொட்டகை போட்டு, வைக்கோலும் புல்லும் விலைக்கு வாங்கிப் போட்டு, ரெண்டு மாடு மூணு மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "சார், இந்த மாட்டை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். பார்த்தேன். பெரிய மடி, நல்ல எடுப்பான மாடு. ஆனால் காலை பத்து மணிக்கே நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குகிறது. மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. "இதோட பாட்டி மாடு காலையிலே ஆறு லிட்டரு, சாயங்காலம் நாலு லிட்டரு குடுத்துச்சு. வருசம் தவறாம கன்னு போட்டுச்சு. அதே வம்சந்தானே, இதுக்கு என்ன கேடு?" என்று கேட்டார்.

அந்தப் பாட்டி மாடு எனக்குத் தெரிந்த மாடுதான். சுமார் பத்து வருஷத்துக்கு முன்னால் அது பருவத்துக்கு வந்தபோது, "ஜெர்சியே போடுங்கம்மா, பால் கூடும்" என்று யோசனை சொன்னவன் அடியேன்தான். அதனால்தான் இன்றைக்கு இந்த விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன்.

கணக்கை அணாவில் போட்டுப் பார்ப்போம். அணா போய் எத்தனையோ காலம் ஆனாலும், இந்தக் கணக்குக்கு அதுதான் வசதி. சுத்த ஜெர்சி என்றால் பதினாறணா சீமை ரத்தம். நம் நாட்டு மாட்டுக்கு அது பூஜ்யம். நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கிற கிடேரி எட்டணா. அந்த எட்டணா மாட்டுக்கு மறுபடியும் சுத்த ஜெர்சி போட்டால் பன்னிரண்டணா. அதற்கும் ஜெர்சியோ பிரிஷியனோ போட்டால் பதினாலணா. அந்த அம்மா வீட்டில் நடந்தது இதுதான். பாட்டி எட்டணா, தாய் பன்னிரண்டணா, பேத்தி பதினாலணா. சீமை ரத்தம் ஏற ஏற மாட்டுக்கு வெயில் தாங்குவதில்லை. தீனி குறைகிறது, பருவ அறிகுறி சரியாகத் தெரிவதில்லை, போட்ட ஊசி நிற்பதில்லை. ஊட்டியில் சரிப்பட்டு வருவது செங்கற்பட்டுச் சீமை வெயிலில் சரிப்படாது. நம் சமவெளிக்கு எட்டணாவிலிருந்து பத்தணா வரைக்கும்தான் ஏற்றது.

எட்டணா மாடு அவ்வளவு நன்றாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீரிய ஒட்டுக் கம்பு விதைத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதல் வருஷம் கதிர் தூக்கலாக வரும். அதிலேயே விதை எடுத்து அடுத்த போகம் விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. மாட்டிலும் அப்படித்தான். ஒன்றுக்கொன்று தூரமான இரண்டு இனம் சேரும்போது முதல் தலைமுறையில் ஒரு வீரியம் வருகிறது. சினை பிடிப்பது, கன்று பிழைப்பது, மாடு நாள்பட உழைப்பது, இதிலெல்லாம் அது தெரியும். எட்டணா மாட்டுக்கு எட்டணாக் காளையின் விந்து போட்டால் ரத்தம் எட்டணாவிலேயே நிற்கும், ஆனால் அந்த வீரியத்தில் பாதி போய்விடும். மகள்கள் ஒன்று போல் இருக்கமாட்டார்கள். ஒன்று தாயை மிஞ்சும், ஒன்று ஏமாற்றிவிடும். ஆகவே கலப்பினக் காளையின் ஊசி போடும்போது, அந்தக் காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அப்படியானால் எதற்கு எது? நாட்டு மாட்டுக்கு ஜெர்சி. எட்டணா மாட்டுக்கு எட்டணாக் கலப்பினக் காளை. பன்னிரண்டணா மாட்டுக்கும் அதே கலப்பினம் போட்டால் கன்று பத்தணாவில் நிற்கும். பதினாலணாவுக்கு மேல் ஏறிப் போனதற்கு சாகிவால், சிவப்பு சிந்தி போன்ற பால் மாட்டு இனங்களின் ஊசி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கன்று ஏழணாவுக்கு இறங்கிவிடும். ஒரு விலக்கு உண்டு. உங்களிடம் அசல் காங்கேயமோ உம்பளாச்சேரியோ பர்கூரோ இருந்தால் அதற்கு அதே இனத்து ஊசிதான் போட வேண்டும். அந்த இனங்களைக் கலப்பில் கரைத்துவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது?

சின்ன உடம்புள்ள தலையீத்துக் கிடேரிக்குப் பிரிஷியன் போடாதீர்கள். கன்று பெரிதாகி ஈனும்போது தாயும் கன்றும் படுகிற பாடு பார்க்க முடியாது.

இனி, வீட்டில் இருக்கிற மாடுகளில் எதன் மகளை வைத்துக்கொள்வது? ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற தேசங்களில் இறைச்சிக்காகவே நூற்றுக்கணக்கில் மாடு வளர்க்கிறார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் மந்தையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நல்ல பசுக்களுக்கு, நல்ல தாய்ப்பசுக்களைக் கொடுக்கிற வம்சத்துக் காளை. அந்தக் கிடேரிகள் மந்தையிலேயே தங்கும். மிச்சப் பசுக்களுக்குச் சதைப்பிடிப்பான சாரொலே போன்ற காளை. அந்தக் கன்றுகள் ஆணானாலும் பெண்ணானாலும் விற்பனைக்குத்தான். நம்முடையது கறவைத் தொழில், மூன்று மாட்டுச் சம்சாரம். ஆனாலும் அந்த யுக்தி நமக்கும் ஆகும். நாமோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். நல்ல மாட்டின் கிடேரிக்கு நல்ல விலை வருகிறதென்று விற்றுவிடுகிறோம், விலை போகாத மாட்டின் கிடேரி கொட்டகையில் தங்கிவிடுகிறது.

நல்ல மாடு என்பது லிட்டரை மட்டும் பார்த்துச் சொல்வதல்ல. பன்னிரண்டு லிட்டர் கறந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு கன்று போடுகிற மாட்டைவிட, எட்டு லிட்டர் கறந்து பதின்மூன்று பதினாலு மாதத்துக்கு ஒரு கன்று போடுகிற மாடு வீட்டுக்கு ஆகும். வற்றிய மாட்டுக்கும் வைக்கோல் போட்டுத்தானே ஆக வேண்டும்? அதோடு காலும் குளம்பும் உறுதியா, மடி தொங்காமல் இருக்கிறதா, கறக்க நிற்கிறதா என்று பாருங்கள்.

அந்த நல்ல மாட்டுக்குப் பெண் கன்று மட்டும் வேண்டுமென்றால் இப்போது பாலினம் பிரித்த விந்துக் குச்சி வந்திருக்கிறது. நூற்றுக்குச் சுமார் தொண்ணூறு கிடேரியாகப் பிறக்கும். ஆனால் அதில் விந்தணுக்கள் குறைவு. சாதாரண ஊசியைவிடச் சினை பிடிப்பது சற்றுக் குறையலாம். பருவம் தெளிவாகத் தெரிகிற, நோய்நொடி இல்லாத மாட்டுக்கே போடச் சொல்லுங்கள். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஆணும் பெண்ணுமாக இரட்டைக் கன்று பிறந்தால் அந்தப் பெண் கன்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான், அதை நம்பி வளர்க்காதீர்கள். வைத்துக்கொள்கிற கிடேரிக்கு நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி ஒரு தரம் போட்டுவிடுங்கள்.

இன்றைக்குப் போடுகிற ஊசியின் பலன் எப்போது தெரியும் என்கிறீர்கள்? கன்று பிறக்க ஒன்பது மாதம். அது வளர்ந்து சினையாக ஒன்றரை வருஷம். ஈன மறுபடியும் ஒன்பது மாதம். ஆக மூன்று வருஷம். தப்பு நடந்தால் அது தெரிவதற்கும் மூன்று வருஷம் ஆகும். ஒவ்வொரு குச்சியிலும் காளையின் இனமும் எண்ணும் அச்சடித்திருக்கும். ஊசி போட்டதும் குச்சியை வாங்கி எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் தகப்பன் காளையின் ஊசியே அதன் மகளுக்கும் போய்ச் சேரலாம். அப்படிப் பிறக்கும் கன்று நோஞ்சானாக வர வாய்ப்பு அதிகம்.

பீர்க்கன்கரணை அம்மாவிடம் மாட்டை விற்க வேண்டாமென்று சொன்னேன். நான் விவசாயப் படிப்பு படித்தவன், மாட்டு வைத்தியன் அல்ல. அதனால் கால்நடை டாக்டரை அழைத்துப் போனேன். அவர் கர்ப்பப்பையைச் சோதித்து, தாது உப்பு கொடுக்கச் சொல்லி, ஷீட்டின் மேல் தென்னங்கீற்று போட்டுக் காலை மாலை தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ஆனி கடைசியில், கோடை வேகம் தணிந்த பிறகு, சாகிவால் ஊசி போட்டார். "நாட்டு ஊசி போட்டா பால் குறையாதா சார்?" என்று அம்மாவுக்குச் சந்தேகம். சாகிவால் உழவு மாட்டு இனமில்லை, பஞ்சாப் பக்கத்துப் பால் மாடு என்று விளக்கினோம். புரட்டாசி கடைசியில் டாக்டர் கை வைத்துப் பார்த்து மூன்று மாதச் சினை என்று சொன்னார். சித்திரை முதல் வாரம் ஈன வேண்டும். காளையின் எண் அவர் வீட்டு நாள்காட்டியில் ஆனி மாதத் தாளில் எழுதியிருக்கிறது. வருஷம் முடிந்தாலும் அந்தத் தாளைக் கிழிக்கக் கூடாதென்று பேரப்பிள்ளைகளுக்கு உத்தரவு.