மக்கு இல்லீங்க என் மகன்!

கண்டிப்பை விட அரவணைப்புதான் தேவைன்னு பேச வந்திருக்கேன்.

இட்லிக் கடை வச்சிருக்கேன். மூணாவது படிக்கிற என் மகன் சாயங்காலம் கூடமாட நிப்பான். பதினோரு இட்லி, மூணு வடைன்னா மனக்கணக்குலயே காசு சொல்லி மீதியும் கொடுத்துடுவான். ஆனா 'கொடி'ன்னு எழுதச் சொன்னா, கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும்!

"இவ்வளவு வாய் பேசுறவனுக்கு எழுத வராதா? திமிர்!"னு பள்ளிக்கூடத்துல முட்டி போட வச்சாங்க. நானும் கரண்டிக் காம்பால அடிச்சேன் ஐயா. "எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா"ன்னு அழுதான். சாக்குன்னு நினைச்சேன்.

புதுசா வந்த டீச்சரம்மாதான் டிஸ்லெக்சியாவா இருக்கும், பரிசோதிங்கன்னாங்க. அறிவுக்குக் குறைச்சல் இல்லை, எழுத்தையும் ஒலியையும் இணைக்கிறதுலதான் சிக்கலாம். 1995 சட்டத்துல இது இல்லை. 2016 சட்டம் சொல்ற 21 வகையில இதுவும் உண்டு. சான்று இருந்தா பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்றதை எழுத ஆள் கேட்கலாம்.

எதிரணியில 'சலுகை'ன்னாங்க. கண்ணாடி போட்டுப் படிக்கிறது சலுகையாங்க? (கைதட்டல்)

இப்ப வகுப்புல வாயால பதில் சொல்றான். போன வாரம் கடைப் பலகையில அவனே 'இட்ளி'ன்னு எழுதினான். நான் அழிக்கலை. வியாபாரமும் குறையலை! (சிரிப்பு, கைதட்டல்)