மாறும் விதியும் கணிப்பொறியும்

மும்பையிலோ தில்லியிலோ நம்மவர் உணவு விடுதியில் சிற்றுண்டி முடித்ததும் பெறும் பற்றுச்சீட்டில் ஓர் அரசாங்க விதி அடங்கியிருக்கிறது.

2017 நவம்பர் 10 அன்று குவாஹாத்தியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உணவு விடுதிகளுக்கான வரியைப் பொதுவாக 5 சதவீதமாகக் குறைத்தது. அதுவரை குளிர்சாதன விடுதிக்கு 18, ஏனையவற்றுக்கு 12. புதிய விதி 15ஆம் தேதியே நடைமுறைக்கு வந்தது. குளிர்சாதன விடுதியில் 200 ரூபாய்ச் சிற்றுண்டிக்கு வரி 36 ரூபாயிலிருந்து 10 ரூபாயாயிற்று. கணிப்பொறி திருத்தப்படாவிட்டால் 26 ரூபாய் உண்டவர் தலையில் விழும்.

ஐந்தே நாளில் திருத்துவது எங்ஙனம்? கணிப்பொறிக்கு இட்ட கட்டளைத் தொகுப்பாகிய நிரலெங்கும் வரிவிகிதம் சிதறிக் கிடந்தால் அரிது. ஆகவே, விதிகளைத் தனியே பிரித்து, கணக்கருக்கு விளங்கும் சொற்களில் எழுதிவைக்கின்றனர்.

அனைத்தையும் ஆராய்ந்து முடித்த பின்னரே நிரல் எழுதுவது பழைய வழக்கம். சிறிது சிறிதாகச் செய்து, உடனுக்குடன் காட்டித் திருத்துவதே, 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு வல்லுநர் கூடி அறிவித்த ‘அஜைல்’ முறை. ஒரு விதியை எழுதுவர், ஒரு பற்றுச்சீட்டைக் கொண்டு சோதிப்பர், கணக்கரிடம் காட்டுவர். 2017இல் அதைக் கண்டதும் அவர், "அறை வாடகை 7,500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டலின் உணவு விடுதிக்கு 18 சதவீதமே நீடிக்கிறதே!" என்றிருப்பார். அவ்விலக்கு அன்றே விதியில் சேர்ந்திருக்கும்.

2025 செப்டம்பரிலும் வரிப்படிகள் மாறின. இனியும் மாறும். விதியை அறிந்தவரும் நிரல் எழுதுபவரும் அடிக்கடி கூடிப் பேசினால், மாறுதலின் சுமை வாங்குவோர் மேல் விழாது.