நெய்தலின் பெரும்பொழுது



தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் வகுத்தது. நெய்தலுக்கோ தனியாக ஒரு பெரும்பொழுதை வகுக்கவில்லை. ஆறும் அதற்கு உரியன என்றனர் பின்வந்தோர். இதன் பொருளை அறிய உரைகளைப் புரட்டுவதினும், அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என வடக்கு நோக்கி ஆண்டு முழுதும் நடந்து காண்பது நன்று. (கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்த அம்மையார் பிறந்த ஊரில் நடையின் பெருமை பேசச் சற்றே கூச வேண்டும்!)

நம்மவர் கவிதைகளில் வருவதோ ஒரே கடல்; கதிரவன் அதில் மூழ்கும் ஒரே மாலை. காரைக்காலில் கதிரவன் கடலில் மூழ்குவதே இல்லை. அவன் மேற்கே தென்னைகளுக்குப் பின்னால் இறங்க, நடப்பவரின் நிழல் நீண்டு அலைமேல் விழும். எற்பாடு இக்கரையில் அவ்வாறுதான் வருகிறது.

வேனிலில் ஆறு மெலிய, அலை கொணரும் மணல் முகத்துவாரத்தில் திட்டாக ஏறும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடல் புகா. கரையெங்கும் வலை சீரமைப்போர். ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் நிறையும்.

ஆவணியும் புரட்டாசியும் கார் என்பது நூல் வழக்கு. இக்கரையின் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதாவது கூதிரில், பெய்கிறது. ஆற்றுநீர் கலந்து கடல் செந்நிறம் கொள்ளும். அலை மணலை அரிக்க, நடைவழி உள்ளே ஒதுங்கும். 2008 நவம்பர் 27இல் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது இப்பருவத்தில்தான்.

கூதிர் கழிந்தால் கரையோர ஊர்கள் அச்சம் நீங்கும். 2004 டிசம்பர் 26 அத்தகைய முன்பனிக்காலம். மார்கழி ஞாயிற்றுக்கிழமைக் காலை. அன்று வந்த ஆழிப்பேரலையைப் பாடுவோர் வானை இருளச் செய்து புயற்காற்றை எழுப்புவதுண்டு. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. முன்னறிவிப்பின்றி, நல்ல வெளிச்சத்தில் வந்தது அது. வானை இருளச் செய்யும் பாடல், இறந்தோர் அறிந்த அந்தக் காலையை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

பின்பனியில் கடல் அடங்கும். முட்டையிட இரவில் கரையேறும் ஆமைக்கு மீனவர் இட்ட பெயர் பங்குனி ஆமை. பருவத்தையே பெயராக்கிய சொல் அது. விடியலில் நடப்பவர் காண்பது, ஈரமணலில் ஏறி இறங்கிய அதன் சுவடு மட்டுமே.