சோற்றுப் பானையில் கை வைப்போம்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இதய நோய் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஆலிவ் எண்ணெயும் கூடவே வந்துவிடுகிறது. மத்தியதரைக்கடல் நாட்டு உணவு இதயத்துக்கு நல்லது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த நன்மை சென்னைவாசிக்குக் கிடைக்க வேண்டுமானால், முதலில் கை வைக்க வேண்டியது சோற்றுப் பானையில் என்பதே என் வாதம். தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் நடந்த ஆய்வொன்று 2001-இல் வெளியானது. 20 வயது கடந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதயத் தமனி நோய் இருந்ததாக அது சொன்னது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற இடங்களில் 59-ஐ ஒட்டி. ஏன் இந்த அவசரம்? புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு எல்லாம் காரணங்கள்தாம். தட்டும் ஒரு காரணம். சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் பார்த்தபோது, நகரவாசி பெறும் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. தீட்டிய தானியம் கூடக்கூட இடுப்புச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் கூடியிருந்தன. நல்ல கொலஸ்டிரால் குறைந்திருந்தது.

'மத்தியதரைக்கடல் உணவின் பலனைச் சொன்ன ஸ்பெயின் நாட்டு ஆய்வையே திரும்பப் பெற்றுவிட்டார்களே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமார் 7,400 பேரிடம் நடந்த அந்த பிரெடிமெட் ஆய்வு 2013-இல் வெளியானது. பங்கேற்பாளர்களைப் பிரித்த முறையில் குறை தெரியவந்ததும் 2018-இல் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். அப்போதும் அந்த உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவு என்ற முடிவு நின்றது. நமக்கு முக்கியமானது வேறொன்று. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் தினம் 30 கிராம் கொட்டைப் பருப்பு பெற்ற குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன். ஆக, மந்திரம் ஒரே எண்ணெயில் இல்லை. அவர்களுக்குக் கொடுத்தவை பாதாம், அக்ரூட் போன்றவை. நம் வேர்க்கடலையிலும் பெரும்பங்கு நிறைவுறாக் கொழுப்புதான். மயிலாப்பூர் மாட வீதியில் கட்டுக்கட்டாய் விற்கும் கீரை, கடற்கரைச் சுண்டல், நொச்சிக்குப்பத்து மத்தியும் நெத்திலியும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சோற்றைக் குறைக்காமல் மேலே ஆலிவ் எண்ணெயை ஊற்றினால் கலோரிதான் கூடும்.

'நாங்கள் சைவம், எங்களுக்கென்ன' என்ற நிம்மதியும் போதாது. மலையளவு சோறு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், மாலையில் பஜ்ஜி என்பதும் சைவம்தான். தட்டில் பாதியைக் கூட்டும் பொரியலும் பிடித்துக்கொள்ள, பருப்பு கெட்டியாக விழ, சோறு மீதி இடத்துக்கு ஒதுங்கட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு விலை பற்றியது. ரேஷன் கடையே தட்டைத் தீர்மானிக்கும் வீடுகள் தியாகராய நகரிலும் உண்டு. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். பசியை விரட்டிய அந்தத் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோதான். கூடவே வரும் பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அதில் பாதிதான். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வசதி சென்னைக்கும் வர வேண்டும், பருப்பின் அளவு இரட்டிக்க வேண்டும், பாமாயில் இருக்குமிடத்தில் கடலை எண்ணெய் வர வேண்டும் என்று இந்த மன்றம் அரசைக் கேட்க வேண்டும்.