அச்சமின்றி வாக்களிக்கும் உரிமை

(மாரண்டஹள்ளியில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாகக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவுக் கணக்கைத் தங்கள் முன் வைத்த நாம், கணக்கில் எழுத இயலாத ஓர் அமானிதத்தைப் பற்றியும் பேச விழைகிறோம். அதுவே வாக்குரிமை.

அரசியலமைப்புச் சட்டத்தின் 325, 326-ஆவது பிரிவுகள் சாதி, சமய பேதமின்றி வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும் இவ்வுரிமையை வழங்கியுள்ளன. ஆயினும் ஏட்டிலுள்ள உரிமை வாக்குச்சாவடி வரை வந்து சேராதபடி அச்சம் தடுத்துவிடும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சியாகும்.

1996-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தின் மேலவளவு, பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளின் தலைவர் பதவிகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. மேலவளவில் மிரட்டலையும் மீறிப் போட்டியிட்டு வென்ற தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவர், 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊர்க் கட்டுப்பாட்டின் பெயரால் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லாத நிலை நீடித்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் மக்களுடன் பொறுமையாகப் பேசியதன் பயனாக, 2006-இல்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்தேறியது.

இதில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு. அங்கே மிரட்டியது வெளியார் அல்லர், சொந்த ஊரே.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(2)-ஆவது பிரிவு, ஊர்விலக்கம் செய்வோம், சமூகத்திலிருந்து நீக்குவோம், இறைவனின் கோபத்திற்கு ஆளாவீர்கள் என்றெல்லாம் வாக்காளரை அச்சுறுத்துவதை முறைகேடு என்கிறது. வேட்பாளரோ, அவர் சம்மதத்துடன் பிறரோ இதைச் செய்தால் பெற்ற வெற்றியே செல்லாததாகும். பாரதிய நியாய சன்ஹிதா 174-ஆவது பிரிவின்படி, தேர்தலில் முறையற்ற செல்வாக்கைச் செலுத்துவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே, நிக்காஹ் பதிவேடும் கபரஸ்தானும் எவருடைய வாக்கிற்கும் பிணையாகக் கூடாது. இன்னாருக்கு வாக்களியுங்கள் என ஜமாஅத்தின் பெயரால் ஆணையிட எவருக்கும் உரிமையில்லை. நிர்வாகிகளாகிய நமக்கும் இல்லை. கணவர் மனைவியையும், கடன் கொடுத்தவர் கடனாளியையும் கட்டாயப்படுத்துவதும் அவ்வாறே தவறாகும்.

யாருக்கு வாக்களித்தோம் என்பதை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே சட்டத்தின் 94-ஆவது பிரிவு கூறுகிறது. இந்த இரகசியமே எளியவருக்குச் சட்டம் தந்த கேடயம்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உள்ளதா என முன்கூட்டியே பார்த்து, இல்லையேல் படிவம் 6 அளிப்போம். மிரட்டலுக்கு ஆளானவர் எச்சமூகத்தவராயினும், புகார் எழுதவும் காவல் நிலையம் செல்லவும் துணை நிற்போம். கைகலப்பில் இறங்காமல், 1950 என்ற தொலைபேசி எண் வழியாகவும் தேர்தல் அலுவலர் வழியாகவும் பரிகாரம் தேடுவோம்.

அச்சுறுத்தலைச் சட்டத்தால் வெல்வோம். நம் கையால் எவரும் அச்சுறாதிருக்கவும் உறுதி ஏற்போம்.