பேசும் யந்திரத்துக்கு வேஷம் கட்டுவோர்

(திருப்பத்தூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம் உங்களில் சிலருக்குப் புதிதாகவும் சிலருக்கு விளையாட்டாகவும் தோன்றலாம். செல்போனில் நாம் ஒன்று எழுதினால் அது திருப்பிப் பதில் எழுதுகிறதே, "சாட்பாட்" என்று பிள்ளைகள் சொல்லுகிறார்களே, அந்த யந்திரத்துக்கு ஒரு பெயர் வைத்து, வயது வைத்து, குணம் வைத்து, இன்ன கேள்விக்கு இன்ன மாதிரி பேச வேண்டுமென்று எழுதிக் கொடுக்கிற பொழுதுபோக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "வேலைக்கும் தண்ணீருக்கும் அலைகிற ஊரில் இதற்கொரு கூட்டமா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் டவுனிலும், மலைமேல் புதூர்நாட்டிலும்கூட, செல்போன் வைத்திருக்கிற வாலிபன் எவனும் இன்று இந்தக் காரியத்தைச் செய்யலாம். முன்காலத்தில் பையன்கள் நாடகத்துக்கு வசனம் எழுதினார்கள். இன்று யந்திரத்துக்கு வசனம் எழுதுகிறார்கள். நாடகத்திலே என்ன எழுதியிருக்கிறது, யார் யாருக்கு முன்னால் குனிகிறான் என்று கேட்டவர்கள் நாம். ஆனபடியால் இதையும் கேட்காமல் விட முடியாது.

முதலில் இந்த வித்தையின் உள் சங்கதியைப் பார்ப்போம். நான் காலேஜ் படித்தவனல்ல. படித்தவர்கள் எழுதியதை நாலு தடவை படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகிறேன்.

1966-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்பவர் "எலைசா" என்ற பேசும் யந்திரத்தைப் பற்றி வெளியிட்டார். இவர் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி 1936-ல் அமெரிக்கா வந்தவர். எலைசாவுக்கு அவர் கட்டிய பிரசித்தமான வேஷம் மனோ வைத்தியர் வேஷம். ஏன் அந்த வேஷம் என்று கவனியுங்கள். மனோ வைத்தியர் எதையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நோயாளி சொன்னதையே திருப்பிக் கேட்டால் போதும். நம் பாஷையில் சொன்னால் இப்படி. "என் மாமியாரைக் கண்டால் எனக்குப் பயமாயிருக்கிறது" என்று ஒரு பெண் எழுதுகிறாள். யந்திரம் "மாமியார்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும், "என்" என்பதை "உங்கள்" என்று மாற்றும், "உங்கள் மாமியாரைக் கண்டால் உங்களுக்கு ஏன் பயமாயிருக்கிறது?" என்று எழுதும். பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் அகப்படாவிட்டால் "மேலே சொல்லுங்கள்" என்று எழுதும். இவ்வளவுதான் வித்தை! மாமியார் என்றால் யார், பயம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது.

குறி சொல்லுகிறவள் வாசலில் நின்று, "உன் மனசிலே ஒரு குறை இருக்குது, வாய் திறந்து சொல்ல மாட்டேங்கிறே" என்கிறாளே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குறையில்லாத மனசு எந்த வீட்டில் இருக்கிறது? மீதியைக் கேட்கிறவளே பூர்த்தி செய்துகொள்ளுகிறாள். ஆனால் வைசன்பாம் யோக்கியர். தன் வித்தையின் ரகசியத்தைத் தானே அச்சில் போட்டு உடைத்தார். அப்படியிருந்தும் என்ன நடந்தது? அவர் அதைச் செய்ததைக் கூட இருந்து பார்த்த அவருடைய காரியதரிசி அம்மாளே அதனோடு சற்று நேரம் பேசிவிட்டு, தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். வைசன்பாம் திகைத்துப் போனார். பத்து வருஷம் கழித்து, 1976-ல், யந்திரத்திடம் எதை ஒப்படைக்கக்கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார்.

1972-ல் கென்னத் கோல்பி என்ற மனோ வைத்தியர் "பாரி" என்று ஒன்று செய்தார். அதற்குக் கட்டிய வேஷம், எல்லோரையும் சந்தேகப்படுகிற பித்தன். அது சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் பித்தன் பேச்சு என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? பாரியின் பேச்சையும் மெய்யான நோயாளியின் பேச்சையும் எழுத்தில் படித்துப் பார்த்த வைத்தியர்களே, காசைச் சுண்டிப் போட்டால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் கண்டுபிடித்தார்கள். 2014-ல் லண்டனில் "யூஜீன் கூஸ்ட்மன்" என்ற யந்திரம் பரீட்சைக்கு வந்தது. அதற்கு உக்ரைன் தேசத்துப் பதின்மூன்று வயதுப் பையன் என்று வேஷம். இங்கிலீஷ் பிசகினால் அன்னிய தேசத்தான். விஷயம் தெரியாவிட்டால் சின்னப் பையன். முப்பது நீதிபதிகளில் பத்துப் பேர் அதை மனிதன் என்று நம்பினார்கள்.

தோழர்களே! வைத்தியர், பித்தன், பையன் ஆகிய மூன்று வேஷத்திலும் பொதுவாயிருக்கிற சூட்சுமம் என்ன? யந்திரத்தின் அறியாமையை மறைக்கத் தோதான போர்வை எது என்று பார்த்து அதைப் போர்த்தியிருக்கிறார்கள்.

இதனால் இந்தப் பொழுதுபோக்கே அயோக்கியத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. ரிச்சர்ட் வாலஸ் என்பவர் 1995-ல் "ஆலிஸ்" என்ற பாத்திரத்தைத் தொடங்கி, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல் என்று சுமார் 40,000 விதிகள் வரை சேர்த்தார். எழுதும் முறையையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். அதைக் கொண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் வொர்ஸ்விக் என்பவர் ஓய்வு நேரத்தில் "மிட்சுகு" என்ற பெண் பாத்திரத்தை எழுதி, லோப்னர் பரிசை 2013-லும், பிறகு 2016 முதல் 2019 வரை வருஷா வருஷமும் வாங்கினார். ஜனங்கள் என்ன கேட்டார்கள், யந்திரம் எங்கே உளறிற்று என்று உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் திருத்துவது லேசான உழைப்பல்ல. சீட்டாட்டத்தை விட ஆயிரம் பங்கு மேல்.

இன்று அந்த உழைப்பும் வேண்டியதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததற்குப் பிறகு, மனிதர்கள் எழுதிக் குவித்ததை எல்லாம் தின்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத்தக்கது என்று கணக்குப் போட்டுப் பேசும் யந்திரங்கள் கடைச்சரக்காகிவிட்டன. பொழுதுபோக்குக்காரன் ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தால் போதும். "உன் பெயர் இன்னது, நீ அறுபது வயதுக் கிழவி, கோபக்காரி, ஆனால் இரக்கம் உண்டு" என்றால் அப்படியே பேசும். வேஷம் இவ்வளவு சுலபமானவுடன் நம் தேசத்தில் முதலில் எந்த வேஷத்தைக் கட்டினார்கள் தெரியுமா? கடவுள் வேஷத்தை!

2023 ஜனவரியில் பெங்களூரில் ஒரு மென்பொருள் இஞ்சினியர் "கீதாஜிபிடி" என்று ஒன்று விட்டார். இரண்டு மூன்று மாதத்துக்குள் அதே மாதிரி ஐந்துக்குக் குறையாமல் கிளம்பிவிட்டன. உங்கள் கஷ்டத்தை எழுதினால் கீதையை வைத்துப் பதில் வரும். சிலவற்றில் கிருஷ்ணனே பேசுவது போலப் பதில் வரும். பத்திரிகைக்காரர்கள் அவற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். தர்மத்துக்காகக் கொலை செய்வது தகும் என்ற பதில் ஒன்றுக்கு மேற்பட்ட யந்திரத்திலிருந்து வந்தது! பையன் வேஷம் தப்புச் சொன்னால் பையன் என்று தள்ளிவிடலாம். கடவுள் வேஷம் தப்புச் சொன்னால் யார் தள்ளுவது? அறியாமையை மறைக்க இதைவிடக் கெட்டியான போர்வை உலகத்தில் நெய்யப்படவில்லை. காரணம் கேட்டால் பாவம் என்று ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார்களே!

இந்து மதத்தை மட்டும் சொல்லுகிறேன் என்று எண்ணாதீர்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பிரச்சார ஸ்தாபனம் "பாதர் ஜஸ்டின்" என்று அங்கி போட்ட யந்திரச் சாமியாரை விட்டது. தான் மெய்யான குரு என்று அது ஒருவரிடம் சொல்லிற்று. கடையில் விற்கும் பானத்தைக் கொண்டு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் சொல்லிற்று. சில தினங்களுக்குள் "பாதர்" பட்டத்தையும் அங்கியையும் கழற்றி வெறும் ஜஸ்டினாக்கிவிட்டார்கள். அவர்களாவது கழற்றினார்கள்!

இனி நம் வாலிபர்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இங்கிலீஷில் வேஷம் கட்டுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எல்லோருக்கும் ஒரே சொல்தான். தமிழில் வாயைத் திறந்தவுடன் "நீ"யா, "நீங்க"ளா, "தாங்க"ளா என்று தீர்மானிக்க வேண்டும். "வா" என்பதா, "வாங்க" என்பதா? குறிப்பு எழுதுகிறவன் சொல்லாமல் விட்டால் யந்திரம் தான் தின்ற புத்தகங்களிலிருந்தும் சினிமாவிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அந்தப் புத்தகங்களிலும் சினிமாவிலும் என்ன இருக்கிறது? பண்ணையாளுக்குப் பண்ணையார் "டேய்" என்பார்; பண்ணையாள் "சாமி" என்பான். மனைவி "நீங்க" என்பாள். புருஷன் "ஏண்டி" என்பான். மலைவாசி வந்தால் கோமாளி. ஞானம் சொல்லுகிற தாத்தா வந்தால் "அவாள், இவாள்" என்று பேசுவார். சமையற்காரி பாத்திரம் எழுதினால் அவள் எந்த ஜாதிப் பேச்சில் பேச வேண்டுமென்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்து போகிறது. தமாஷுக்கென்று எழுதுகிற வேலைக்காரப் பாத்திரம் ஒவ்வொரு பதிலுக்கும் "உத்தரவு எஜமான்" என்கிறது. அதைப் படித்துச் சிரிக்கிற பையனுடைய பாட்டன் அதே சொல்லைத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னவனாயிருக்கலாம். யந்திரத்துக்கு மானமில்லை, வாஸ்தவம். எஜமான் என்று கூப்பிடப்பட்டுப் பழகுகிற பையனுக்கு என்ன ஆகிறது என்பதல்லவா கேள்வி?

பெண்கள் சங்கதி இதைவிட மோசம். பெரிய கம்பெனிகள் ஏவல் கேட்கும் யந்திரங்களுக்கெல்லாம் பெரும்பாலும் பெண் பெயரும் பெண் குரலும் கொடுத்தன. 2019-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. ஆப்பிள் கம்பெனியின் "சிரி" என்ற யந்திரத்தை ஒருவன் ஆபாசமாகத் திட்டினால், கோபிக்காமல், வெட்கப்படுவது போலப் பதில் சொல்லும்படி முன்பு எழுதி வைத்திருந்ததை அந்த அறிக்கை எடுத்துக் காட்டிற்று. பிறகு மாற்றினார்கள். அந்தப் பதில் யந்திரத்துக்குத் தானாக முளைக்கவில்லை. ஆபீசில் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரோ உட்கார்ந்து எழுதினார்கள். பெண் என்றால் திட்டு வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று எண்ணுகிற புத்திதான் எழுதிற்று. சிலப்பதிகாரத்திலும் ராமாயணத்திலும் பெண்ணை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிற நாம், செல்போனில் நாமே எழுதுகிற பெண்ணை எப்படி வைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

விளையாட்டு விபரீதமானதும் உண்டு. அமெரிக்காவில் "கேரக்டர் ஏஐ" என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் பாத்திரம் எழுதி விடலாம். மற்றவர்கள் வந்து அதனோடு பேசலாம். ஃபுளோரிடா மாகாணத்தில் பதினாலு வயதுப் பையன் ஒருவன், கதையில் வரும் ராணியின் பெயரில் யாரோ எழுதிய பாத்திரத்தோடு மாதக்கணக்காய்ப் பேசி, காதல் கொண்டு, 2024 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டான். தாய் அவ்வருஷம் அக்டோபரில் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இப்படித் தாராளமாய்ப் பேசுவதை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது 2025 அக்டோபரில்தான். அதே மாதம் கலிபோர்னியா சர்க்கார், துணையாகப் பழகும் யந்திரம் தன்னை யந்திரம் என்று தெரியப்படுத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவை முகத்துக்கு நேரே கேலி செய்து, இது கூத்து என்பதை ஜனங்களுக்கு நினைப்பூட்டிக்கொண்டே இருக்கிறான். துரியோதனன் வேஷக்காரர் விடிந்தால் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்கு வருகிறார். இந்த யந்திரத்துக்கு விடிவதுமில்லை, கழுவிப் பார்த்தால் உள்ளே முகமுமில்லை. ஆகையால் எழுதுகிறவன்தான் கட்டியக்காரனாகவும் இருக்க வேண்டும்.

சரி, எப்படி எழுதுவது? உதாரணமாக ஜவ்வாது மலையைப் பற்றிச் சொல்லும் ஒரு பாத்திரம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எல்லோரையும், சின்னப் பிள்ளையையும்கூட, "நீங்கள்" என்று பேசட்டும். ஜாதி கேட்டால், அதைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கட்டும். திட்டினால், இப்படிப் பேசினால் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லட்டும். சாகிற பேச்சுப் பேசினால் வேஷத்தை அந்த இடத்திலேயே கழற்றிவிட்டு, நான் யந்திரம், பக்கத்தில் இருக்கிற மனிதரை உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லட்டும். எல்லாவற்றையும்விட, தெரியாததைத் "தெரியாது" என்று சொல்லும்படி எழுதுங்கள். இதைச் சொல்ல வைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பிறகு நாலு பேரிடம், முக்கியமாய் உங்கள் அம்மாவிடமும் தங்கையிடமும், கொடுத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள்.

காவலூரில் பெரிய தூரதரிசினி இருக்கிறதே, 1986-ல் வைத்தது, அதைப் பற்றி அந்த யந்திரத்தைக் கேட்டால் நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லட்டும். 1988-ல் அங்கிருந்து ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்து, நம் கணித மேதை ராமானுஜத்தின் பெயரை வைத்தார்கள் என்று சொல்லட்டும். என் நட்சத்திரத்துக்குக் கல்யாணம் எப்போது என்று ஒருவன் கேட்டால்? காவலூரில் அந்தக் கணக்குப் போடுவதில்லை என்று எழுதி வையுங்கள்.

மேடைக்கு ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நம் இயக்கத் தலைவர்கள் பேசுவது போல் ஒரு யந்திரம் செய்தால் பிரச்சாரத்துக்கு உதவுமே, செய்யலாமா?" என்று கேட்கிறார். 2018-ல் காலமான கலைஞர் கருணாநிதி அவர்களை 2024 ஜனவரியில் ஒரு புத்தக விழாவில் யந்திரத்தைக் கொண்டு திரையில் பேச வைத்தார்கள். பார்த்தவர்கள் கண் கலங்கியிருக்கலாம். ஆனால் செத்துப் போனவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதும், பூசாரி ஆடிக்கொண்டு "நான் உன் பாட்டன் வந்திருக்கேண்டா" என்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றுகிறது. நம்மவர் செய்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். அவர்கள் எழுதியது அச்சில் இருக்கிறது. இன்ன விஷயத்தைப் பற்றி இன்ன வருஷத்தில் இன்ன பக்கத்தில் எழுதியிருக்கிறார் என்று தேடி எடுத்துக் காட்டுகிற யந்திரம் செய்யுங்கள். தாடியும் வேண்டாம், குரலும் வேண்டாம்.

இன்னும் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. மணி ஒன்பதரை ஆகிவிட்டது. மலைக்குப் போகும் தோழர்கள் பஸ்ஸைப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு அடுத்த வாரம் பத்திரிகையில் பதில் எழுதுகிறேன்.