கடலோடியின் இன்சுலின்

கொட்டியாரக் குடாவில் மாலையில் வலையேற்றிப் புறப்படும் தோணி பெரும்பாலும் விடிந்த பின்னரே கரைசேரும். அதிற் செல்பவர் இன்சுலினாலேயே உயிர்வாழும் நீரிழிவு நோயாளியாயின், நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை ஊசி ஏற்றுவதா, இடுப்பில் இன்சுலின் பம்பு பொருத்துவதா என்பது சிறு வினாவன்று.

பம்பின் சிறப்பை மறுப்பதற்கில்லை. 1960களில் அமெரிக்காவில் முதுகிற் சுமக்கும் பொதியாயிருந்த கருவி இன்று உள்ளங்கையில் அடங்குகின்றது. தோலின் கீழ்ச் செருகிய மெல்லிய குழாய் வழியே மருந்து சிறிது சிறிதாக இடைவிடாது செல்லும். வலையிழுக்கும் வேளையில் சர்க்கரை தாழாதபடி அளவைக் குறைக்கலாம். ஏற்றிய ஊசியையோ மீட்க இயலாது. மிகச் சிறிய அளவே வேண்டும் குழந்தைகளுக்கும் பம்பு பெரிதும் வாய்ப்பானது.

ஆயினும் பம்பில் நிரப்புவது விரைந்து செயற்பட்டு விரைந்து தீரும் இன்சுலினையே. குழாய் மடிந்து அடைபட்டால் உடலிற் சேமிப்பென்று எதுவுமில்லை. சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கீற்றோன் அமிலம் பெருகத் தொடங்கும். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்து. நாள் முழுவதும் நின்று செயற்படும் இன்சுலினை ஊசியால் ஏற்றியவருக்கு இவ்வச்சம் குறைவு.

வெயிலையும் எண்ணவேண்டும். 30 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இன்சுலின் வீரியம் குன்றும்; திருகோணமலைக் கோடையோ அதனை எளிதிற் கடப்பது. ஊசி மருந்தை ஈரத்துணி சுற்றிய மட்கலத்தில் நிழலில் வைக்கலாம். உடலோடொட்டிய பம்பை எங்ஙனம் வைப்பது? இரண்டு மூன்று நாளுக்கொருமுறை குழாய் மாற்றும் செலவோ வேறு.

பம்பு அணிந்தோர் எங்குச் சென்றாலும் ஊசியும் மருந்தும் உடன் கொண்டு செல்லுமாறு வைத்தியர் வற்புறுத்துவர். கடலுக்குச் செல்வோர் அவற்றோடு சிறிது சீனியையும் மடியில் முடிந்துகொள்ளல் வேண்டும்.